பிரேஸ் போடணுமா வேண்டாமா: கீழக்கரை லீவில் முட்டிக்குப் பார்த்த வைத்தியம்

ராமநாதபுரத்தில் முட்டிக்கு ஒரு பிரேஸ், அதாவது முட்டியைப் பிடித்து நிறுத்தும் பட்டை, வாங்கக் கால் மணி நேரம் போதும். அது நமக்குத் தேவையா, எந்த மாதிரி, எத்தனை வாரம் என்று சொல்லும் ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த இடத்தில் இந்த அலைச்சல் எனக்கு வாய்த்தது. லீவில் ஊருக்குப் போய்ப் பந்து விளையாடாமல் திரும்புகிற ஆள் நம்மில் யாரும் கிடையாது, அதனால் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பெரியபட்டினம் பக்கம் மச்சான்களோடு சாயங்கால வாலிபால். பிளாக்குக்கு எகிறி இறங்கும்போது பக்கத்தில் இருந்தவன் என் காலின் வெளிப்பக்கம் வந்து விழுந்தான், முட்டி உள்பக்கமாக மடங்கியது. நடக்க முடிந்தது. உள்பக்கம் மட்டும் தொட முடியாத வலி. வீக்கம் அன்றைக்கு வரவில்லை, மறுநாள் காலையில்தான் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல டாக்டர் என்றால் முதலில் கேட்பது இதைத்தான். அடிபட்ட ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பலூன் மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், ஏசிஎல் என்கிற, எலும்புகளை இணைக்கும் நடு ஜவ்வு கிழிந்திருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள்.

உம்மாவுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். "சுளுக்குதான் வாப்பா, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாயிடும்" என்று நீவி விடுகிறவருக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். புதுக் காயத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது வீக்கத்தைக் கூட்டும் என்று சொல்லித் தடுத்தேன். ஐஸ் ஒத்தடத்துக்கு மட்டும் நம்ம ஊரில் பஞ்சமே இல்லை. மீன் பெட்டிக்கு அடிக்கிற ஐஸை ஒரு பை நிறையத் தம்பி வாங்கி வந்தான், துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். வீடெல்லாம் மீன் வாடை, ஆனால் வேலை செய்தது.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். டோக்கன் போட்டு உட்கார்ந்ததுமே, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டார்கள். முட்டி அடிக்கு எக்ஸ்ரே எப்போது வேண்டும் என்பதற்கு ஆட்டவா விதி என்று ஒன்று உண்டு: வயது 55 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, முட்டிச் சில்லிலோ வெளிப்பக்க எலும்பு முனையிலோ அழுத்தினால் வலித்தாலோ, முட்டியை 90 டிகிரி மடக்க முடியாவிட்டாலோ, நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எடுக்கலாம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியவும் தெரியாது. டாக்டர் ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார், எம்ஆர்ஐ ஸ்கேன், முட்டி பிரேஸ், வலி மாத்திரை என்று எழுதினார். முட்டியைத் தொடவே இல்லை! எனக்கு ஆறவே இல்லாத கோபம் இதில்தான்.

வாசலிலேயே சர்ஜிக்கல் கடை. பையன் என் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு "லார்ஜ் சார்" என்றான். இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் முட்டி கேப், சில்லுக்கு ஓட்டை விட்ட ரப்பர் துணி மாடல், இரண்டு பக்கமும் கம்பியும் கீலும் வைத்தது, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை மடக்கவே விடாத நீளமானது என்று வரிசையாக எடுத்து வைத்தான். எனக்கு எது என்று கேட்டால், "எல்லாரும் இந்த ஓட்டை வெச்சதுதான் சார் வாங்குவாங்க." எம்ஆர்ஐயும் எடுக்காமல் பிரேஸும் வாங்காமல் வண்டி ஏறிவிட்டேன்.

கீழக்கரையிலேயே சாயங்காலம் ஒரு சின்ன அறையில் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவரைக் காக்கா (அண்ணன்) சொன்னார். 300 ரூபாய். நல்ல காலைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம் அடிபட்ட கால். முட்டியை 30 டிகிரி போல மடக்கி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முட்டியை உள்பக்கம் தள்ளினார்: வலித்தது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, ஆனால் ஓர் இடத்தில் நின்றது. காலை நேராக நீட்டி அதையே செய்தபோது அசையவில்லை. பிறகு முட்டிக்குக் கீழே உள்ள எலும்பை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. "உள்பக்க ஜவ்வு பாதி நைந்திருக்கு சார், ஏசிஎல் நல்லா இருக்கு மாதிரி தெரியுது. எதுக்கும் ஆர்த்தோ, எலும்பு டாக்டர் ஒருத்தர் பார்த்துடட்டும்" என்று மதுரையிலிருந்து வந்துபோகும் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அவரும் கையால் பார்த்து அதையே சொன்னார். உள்பக்க ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சேர்ந்துவிடும், முட்டி பூட்டிக்கொண்டாலோ நடக்கும்போது திடீரென்று கைவிட்டாலோ அப்போது ஸ்கேன் எடுக்கலாம் என்றார்.

பிரேஸ் விஷயத்துக்கு வருகிறேன். முட்டி எந்தப் பக்கம் போகாமல் தடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்சி. எலாஸ்டிக் கேப் சூடு கொடுக்கும், பிடிமானமாக இருக்கிற தெம்பைக் கொடுக்கும், பக்கவாட்டு அசைவை நிறுத்தாது. சில்லு ஓட்டை மாடல் சில்லு வலிக்காரர்களுக்கு. எனக்குக் கம்பி வைத்தது, அதுவும் சில வாரத்துக்கு மட்டும், வெளியே போகும்போது, மணலில், கூட்டத்தில். வீட்டில் கழற்றிவிட்டு முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நேராகத் தூக்கி நிறுத்துவது என்று தொடைக்கு வேலை. நாள் முழுக்கப் பிரேஸை நம்பிக் காலை அசைக்காமல் வைத்திருந்தால் தொடைச் சதை இளைத்துவிடும், அப்புறம் பிரேஸ் இல்லாமல் படி ஏறவே பயம் வந்துவிடும்.

வாங்கும்போது டேப்பைக் கையோடு கொண்டுபோய் அளந்தேன். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுகிறது, டப்பாவின் பின்பக்கம் தொடைச் சுற்றளவை எங்கே எடுக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கும். எனக்கு மீடியம்தான்! 1,200 ரூபாய். கீல் சில்லின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும், கீழே நழுவினால் கம்பி தப்பான இடத்தில் மடங்கும். நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் அது நழுவாமல் நின்றால் அதிசயம். மணல் போய் வெல்க்ரோவில் அடைத்துக்கொண்டு ஒட்ட மாட்டேன் என்றது, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். வேர்வையில் தோல் சிவந்ததால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொண்டேன். ஒரு சௌகரியம், கைலிக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது, விசாரணையும் இல்லை.

தொழுகைக்குப் பள்ளியில் நாற்காலி போட்டுக்கொண்டேன். மண்டியிட்டு அமர்வதும் குந்தி உட்காரும் கக்கூஸும்தான் உண்மையில் சிரமம், அதற்கு எந்தப் பிரேஸும் உதவாது.

செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்ப் பாருங்கள். 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்த இடம், ஓபி இலவசம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார்கள், லீவில் வந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதை விசாரித்து வைத்துவிட்டுப் போகலாம்.

மதுரை ஏர்போர்ட்டில் பிரேஸ் கம்பியால் சோதனைக் கருவி கத்தியது, கழற்றிக் காட்டி எக்ஸ்ரே பெட்டியில் போட வேண்டியதாயிற்று, அதனால் பேண்ட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு போங்கள். விமானத்தில் பட்டையை இறுக்கி வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், காலில் ரத்தம் உறைந்து கட்டும் ஆபத்து இருக்கிறது. நடைபாதை ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்கி, பட்டையைத் தளர்த்தி, கணுக்காலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

இப்போது பெரிய மச்சான் அந்தப் பிரேஸைக் கேட்கிறான், அவனுக்கு ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகிறது, மறுபடி கோர்ட்டில் இறங்க ஆசை. ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் பிரேஸ் போட்டால் மறுபடி கிழியாது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை, முதலில் அந்த அம்மாவிடம் போய் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டு என்றேன். அவன் தொடை என் தொடையைப் போல ஒன்றரை மடங்கு, கொடுத்தாலும் ஏறாது.