எங்கள் தொடக்கப் பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் போர்டு: தினமும் பயன்படுத்தும் ஓர் ஆசிரியையின் விமர்சனம்

செல்போன், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். 455 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் வாங்கிய பொருளுக்கு, அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் யாரும் உட்கார்ந்து எழுதவில்லையே என்று தோன்றியது, அதனால்தான் இது. 2024-ல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கு ஒதுக்கிய தொகை அது. வகுத்துப் பார்த்தால் ஒரு வகுப்பறைக்கு ஏறக்குறைய 2 லட்சம். அதோடு ஆசிரியர்களுக்கு 79,723 டேப் (கையடக்கக் கணினி), அதற்கு 101 கோடிக்கு மேல்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, பிள்ளைகள் 38 பேர். தருமபுரிப் பக்கம், ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பஸ் வருகிற ஊர். இரண்டு வகுப்பறையில் எந்த அறையில் போர்டை மாட்டுவது என்பதே முதல் பிரச்சினை. பிள்ளைகள் அதிகம் இருப்பது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை சேர்ந்து உட்காரும், 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் நடக்கும் அறையில்தான். ஆனால் அந்த அறைக் கதவை வேகமாக ஓர் உதை விட்டால் திறந்துகொள்ளும். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஆகவே நல்ல பூட்டு உள்ள அறைக்கே போர்டு போனது. இந்த முடிவைக் கேட்டு யாரும் எங்களைக் குறை சொல்ல வேண்டாம், கோடை விடுமுறை முழுக்க வாட்ச்மேன் இல்லாத பள்ளி இது.

சரி, போர்டு எப்படி? நல்ல பொருள். மனமாரச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்புக்கு வரைபடம் நடத்தும்போது புத்தகத்திலிருக்கும் தமிழ்நாட்டுப் படத்தைக் காட்டி "இதுதான் நம்ம மாவட்டம்" என்பேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். ஒருநாள் நெட் நன்றாகக் கிடைத்தது. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பள்ளிக் கூரையைப் பெரிதாக வைத்தேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு பையன் ஏரிக்கரையைப் பிடித்துவிட்டான், அங்கிருந்து விரலாலேயே வரப்பில் நடந்து போய் ஒரு கறுப்பு வட்டத்தில் நிறுத்தி "டீச்சர், எங்க கெணறு!" என்று கத்தினான். அதன்பிறகு வகுப்பில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டைத் தேடி முடித்ததும் படத்தை மெல்ல மெல்லச் சிறிதாக்கினேன். ஊர் சுருங்கியது, ரோடு நூலானது, மேட்டூர் அணைத் தண்ணீர் தெரிந்தது, கடைசியில் கடற்கரை. "கெணத்தக் காணோமே டீச்சர்" என்றான் அதே பையன். பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்: "அங்கயேதான்டா இருக்கு, நாமதான் தூரமா வந்துட்டோம்." வரைபட அளவை என்றால் என்ன என்று 14 வருடமாகக் கரும்பலகையில் விளக்கி வருகிறேன், அந்தப் பிள்ளை சொன்னதுபோல் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொரு பயன், யாரும் எனக்குச் சொல்லித் தராதது. பிள்ளைகள் வாசிப்பதை என் போனில் பதிவு செய்து போர்டின் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் "மழை"யை "மளை" என்றே வாசிப்பாள், எத்தனை திருத்தினாலும் அப்படித்தான். தன் குரலைக் கேட்டதும் "இது நான் இல்ல" என்றாள். இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை போடுவதற்குள் நாக்கை மடித்துச் சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறைகள். முதலாவது மின்சாரம். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் வோல்டேஜ் இறங்கும், திரை அணைந்து அணைந்து எரியும். நெட் மழை பெய்தால் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே அடுத்த வாரத்துக்கான வீடியோக்களை வீட்டில் இறக்கி பென்டிரைவில் போட்டு எடுத்து வருகிறேன், என் டேட்டாவில்தான். மணற்கேணி என்ற அரசின் பாடச் செயலியில் வீடியோக்கள் தரமாக இருக்கின்றன, ஆனால் நெட்டை நம்பி வகுப்பைத் தொடங்கிவிட்டு பிள்ளைகள் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்து நிற்பது கொடுமை.

இரண்டாவது பழுது. கடந்த டிசம்பர் விடுமுறையில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. புகார் எண்ணுக்கு மறுநாளே சொன்னேன், ஆள் வந்தது 23-ஆம் நாள். உள்ளூர் டிவி மெக்கானிக் பத்து நிமிடத்தில் சரிசெய்து தருவதாகச் சொன்னார், வாரண்டி போய்விடும் என்ற பயத்தில் கைவைக்க விடவில்லை. அந்த 23 நாளும் 2 லட்ச ரூபாய்ப் பொருள் மேல் துணி போர்த்தி வைத்திருந்தோம். வாரண்டி முடிந்தபின் என்ன செய்வது? நூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிக்கு ஆண்டு மானியமே 25,000 ரூபாயைத் தாண்டாது. சாக்பீஸ், விளக்குமாறு, கழிப்பறைச் சுத்தம் எல்லாம் அதற்குள்தான். அதிலும் அந்த மானியத்துக்கு வழியான சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டத்தின் 2024-25-க்கான நிதி 2,152 கோடி மத்திய அரசிடமிருந்து வரவில்லை என்று தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

மூன்றாவது, எங்களைப் போன்ற பள்ளிக்கே உரியது. ஒரே அறையில் நான்கும் ஐந்தும் இருக்கும்போது நான்காம் வகுப்புக்குத் திரையை ஓட்டினால் ஐந்தாம் வகுப்பு கணக்கு போடுமா? கழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான். இப்போது இருவருக்கும் பொதுவான பாடங்களுக்கு மட்டும் போடுகிறேன், ஒரு நாளைக்கு 25 நிமிடம், அதற்கு மேல் இல்லை.

டேப்பைப் பற்றி ஒரே வார்த்தை: நிம்மதி. முன்பு மதிப்பீடு பதிவேற்ற என் சொந்தப் போனைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பொருளை வாங்கி வைத்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குப் பெரு நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே அரசு பிள்ளைகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி வாங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்து ஆராய்ந்தார்கள், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை, அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. தென்கொரியா 2025 மார்ச்சில் ஏஐ பாடநூலைக் கொண்டுவந்து, ஆகஸ்டிலேயே அதைப் பாடநூல் என்ற தகுதியிலிருந்து இறக்கித் துணைக்கருவி ஆக்கிவிட்டது. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2018-ல் தொடங்கி 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தார்கள். மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ், ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி, அதோடு லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றம் வைத்துப் பிள்ளைகளுக்கே அந்தக் கருவிகளைப் பழக்கிவிட்டார்கள். எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த பயிற்சி போர்டை இயக்கக் கற்றுத் தந்தது. ஐந்து வகுப்பையும் இரண்டு அறையில் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பாடத்துக்குள் கொண்டுவருவது என்பதை நானும் பக்கத்து ஊர் டீச்சரும் போனில் பேசிப் பேசித்தான் கண்டுபிடித்தோம்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். போர்டுக்கு நாலரை, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய ஏற்பாட்டுக்கு இரண்டரை. ஒன்றியத்துக்கு ஒரு பழுதுபார்ப்பவர், பள்ளிக்கு ஒரு ஸ்டெபிலைசர், பராமரிப்புக்கென்று தனியாக ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் நான்கரையாக மாற்றிவிடுவேன்.

புதிதாக மாட்டப்போகிற பள்ளிகளுக்கு ஒன்று: ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்ட விடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டோம், காலை பத்தரை வரை வெயில் நேராகத் திரையில் விழுகிறது, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னேன், ஒரு அம்மா பச்சைத் துணி வாங்கித் தந்திருக்கிறார். திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறது.