கரையும் மெம்பிரேன்கள்: மூன்றில் எதை ஈறு ஏற்றுக்கொள்கிறது?

இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்க வேண்டிய இடத்தில் எலும்பு தேய்ந்திருந்தால் எலும்புத் தூள் நிரப்பி, அதன்மேல் மெம்பிரேன் என்ற ஒரு மெல்லிய விரிப்பைப் போர்த்தி, ஈறைத் தைத்து மூடுகிறோம். அந்த விரிப்பாக எதை வாங்கி வைப்பது என்று எங்கள் கிளினிக்கில் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் குறுக்குப்பிணைப்பு செய்யாத சாதாரண கொலாஜன் (தோலிலும் தசைநாணிலும் உள்ள நார்ப்புரதம்) மெம்பிரேனையே பெரும்பாலான கேஸ்களுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதோடு போட்டியிட்டவை இரண்டு. ஒன்று, சீக்கிரம் கரையாதபடி வேதியியல் முறையில் குறுக்குப்பிணைப்பு செய்து இறுக்கிய கொலாஜன். இன்னொன்று, லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்துச் செய்த செயற்கை பாலிமர். மூன்றுமே உடலில் கரைபவைதான். கரைகிற விதமும், அப்போது பக்கத்துத் திசு நடந்துகொள்கிற விதமும் மூன்றிலும் வேறு. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

மெம்பிரேன் எதற்கு என்று பல் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: காலியிடத்தை நிரப்ப ஈறின் செல்கள் வேகமாக வந்துவிடும், எலும்புச் செல்கள் மெதுவாகத்தான் வரும். முந்திக்கொண்டு வருவதைச் சில வாரம் தடுத்து வைத்தால் எலும்புக்கு இடம் கிடைக்கும். 1982-இல் ஸ்டுரே நைமன் குழுவினர் இதைப் பல் வேரைச் சுற்றிக் காட்டினார்கள். 1988-இல் கிறிஸ்டர் டாலின் குழுவினர் எலியின் தாடையில் துளையிட்டு, டெஃப்லான் இனத்து மெம்பிரேனால் மூடிய துளை எலும்பால் அடைபடுவதைக் காட்டினார்கள். அந்த மெம்பிரேன் கரையாது. எடுப்பதற்கு இன்னொரு அறுவை வேண்டும். நடுவில் தையல் விட்டால் தொற்று ஏறும். 1997-இல் ஜூரிச்சில் நிகோலா சிட்ஸ்மன் குழுவினர் ஒரே நோயாளியின் வாயில் கரையாததையும் கொலாஜனையும் வைத்து ஒப்பிட்டார்கள். எலும்பு நிரம்பியது கொலாஜன் பக்கம் சராசரி 92 சதவீதம், டெஃப்லான் பக்கம் 78 சதவீதம். டெஃப்லான் வைத்த இடங்களில் 44 சதவீதத்தில் புண் திறந்துகொண்டது, அல்லது மெம்பிரேனை முன்கூட்டியே எடுக்க வேண்டி வந்தது. வழக்கமான கேஸ்களில் கரையாத மெம்பிரேனின் கதை அத்துடன் முடிந்தது என்றே நினைக்கிறேன். மிச்சமிருப்பது கரைபவற்றுக்குள் நடக்கும் போட்டி.

சாதாரண கொலாஜனில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பன்றித் தோலிலிருந்தோ மாட்டுத் தசைநாணிலிருந்தோ எடுத்து, செல்களையும் கொழுப்பையும் நீக்கிச் சுத்தம் செய்த நார்கள் அவை. வைத்தவுடன் ரத்தத்தை உறிஞ்சி எலும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் சில நாள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வரும், பின்னால் கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் வரும். இவை சுரக்கும் கொலாஜனேஸ் என்சைம், மூன்று இழை முறுக்கிய அந்தச் சரத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். முக்கால் நீளத்துக்கு ஒரு துண்டு, கால் நீளத்துக்கு இன்னொன்று. உடல் வெப்பத்தில் இந்தத் துண்டுகளின் முறுக்கு தானே அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். அதை ஜெலட்டினேஸ் என்சைம்கள் சிறு பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் சிதைத்துவிடும். நம் சொந்த ஈறின் கொலாஜனை உடல் புதுப்பிப்பதும் இதே என்சைம்களால்தான். அதனால் உடல் இதைப் பெரிய அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் அழற்சி அடங்கிவிடுகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ரத்தக் குழாய்கள். டசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் டேனியல் ரோதமெல், ஃபிராங்க் ஷ்வார்ட்ஸ் குழுவினர் பல வகைக் கொலாஜன் மெம்பிரேன்களை எலிகளின் முதுகுத் தோலுக்கடியில் வைத்து, வாரக்கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். 2005-ஐ ஒட்டி வெளிவந்த அந்த ஆய்வுகளில், குறுக்குப்பிணைப்பு இல்லாத, பயோ-கைட் என்ற பெயரில் விற்கும் மெம்பிரேனுக்குள் இரண்டு வாரத்திலேயே ரத்தக் குழாய்கள் ஊடுருவி மறுபக்கம் வரை போயிருந்தன. ஆல்டிஹைட் போன்ற வேதிப்பொருளால் இறுக்கிய வகைகளில் குழாய்கள் நுழையத் தாமதமானது. சுற்றிலும் அழற்சிச் செல்கள் கூடி நின்றன. ரைபோஸ் சர்க்கரையால் இறுக்கிய வகையில் அழற்சி அதிகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் திசு மேற்பரப்பில் மட்டும் பற்றியிருந்தது, உள்ளே போகவில்லை.

குழாய் நுழைவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், மெம்பிரேனை மூடுவதற்கு நாம் ஈறை இழுத்துத் தைத்திருக்கிறோம். அப்படி இழுப்பதற்காக அடியில் எலும்பை மூடியிருக்கும் உறையான பெரியோஸ்டியத்தை வெட்டித் தளர்த்தியும் இருக்கிறோம். ஃப்ளாப்பின் (இப்படி இழுத்த ஈறு மடலின்) விளிம்புக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவு. கீழே எலும்பிலிருந்து வரவேண்டிய ரத்தத்தை மெம்பிரேன் அடைத்து நிற்கிறது. எவ்வளவு சீக்கிரம் அதன் வழியாகக் குழாய்கள் கோக்கின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் அந்த விளிம்பு பிழைக்கும். தாமதமானால் விளிம்பு வெளுத்து, தையல் பிரிந்து, மெம்பிரேன் வாய்க்குள் எட்டிப்பார்க்கும்.

என் ஒப்பீடு முழுக்க அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. எல்லாம் சரியாக மூடியிருந்தால் மூன்று மெம்பிரேனும் ஏறக்குறைய ஒரே மாதிரி எலும்பைத் தரும். தையல் விட்டபிறகு எது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் சில கேஸில் விடத்தான் செய்யும்.

சாதாரண கொலாஜன் வெளியே தெரிந்தால் வேகமாகக் கரைந்துவிடும். எச்சிலில் வரும் நியூட்ரோஃபில்களின் என்சைம் ஒருபக்கம், போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற ஈறு நோய்க் கிருமிகளின் கொலாஜனேஸ் இன்னொரு பக்கம். ஓரிரு வாரத்தில் தெரிந்த பகுதி கூழாகிப் போய்விடும். நான் அதைத் தொட மாட்டேன். குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிப்பு, அந்த இடத்தில் பிரஷ் கூடாது, வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், அவ்வளவே. அடியிலிருந்து சிவந்த குருணைத் திசு எழும்பி, மேலே ஈறின் தோல் ஊர்ந்து மூடிக்கொள்ளும். மேலாகக் கிடக்கும் தூளில் கொஞ்சம் போகும். அந்த இடத்தில் எலும்பின் அகலமும் கொஞ்சம் குறையும். என் கையில் இப்படித் திறந்தவை பெரும்பாலும் இன்னொரு அறுவை இல்லாமலே மூடியிருக்கின்றன, பிறகு இம்பிளான்ட்டும் வைக்க முடிந்திருக்கிறது.

இறுக்கிய கொலாஜன் இப்படிக் கரையாது. அதன் ஆதரவாளர்கள் இதையே பலம் என்பார்கள்: திறந்தாலும் தடுப்புச் சுவர் நிற்கிறது, ஈறு அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்கிறது என்று. ரைபோஸ் வகையில் அப்படி மூடியதாகச் சொல்லும் அறிக்கைகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையாமல் வாயில் நிற்கும் எந்தப் பரப்பிலும் பிளாக் என்ற கிருமிப் படலம் படியும். பிளாக் படிந்த பரப்பின்மேல் ஈறு ஏறத் தயங்கும். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் எலும்பு வளர்ச்சியில் இரு வகைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. வெளியே தெரிவது இறுக்கிய வகையில் சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலை மட்டும் வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. எலும்பில் லாபம் தெரியாதபோது அந்தச் சிரமத்தை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கேள்வி.

இறுக்குதல் என்று சொல்வதன் வேதியியல், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிலுக்குச் சொந்தமானது. பக்கத்துப் பக்கத்து கொலாஜன் நார்களைப் பாலம் போட்டுக் கட்டிவிட்டால் என்சைமால் எளிதில் வெட்ட முடியாது, தோல் அழுகாது. செருப்புக்கு அது வேண்டும். ஈறுக்கு அடியில் வைக்கிற பொருளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் விவாதிக்கிறோம். இறுக்கப் பயன்படும் குளுடரால்டிஹைட் மிச்சம் தங்கினால் செல்களுக்கு நஞ்சு என்பதும் பழைய செய்தி.

பாலிமரில் கரையும் வழியே வேறு. அங்கே என்சைம் முக்கியமில்லை, தண்ணீர் போதும். சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகள் நீரால் உடைந்து, சங்கிலி குட்டையாகி, கடைசியில் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமுமாகப் போகும். உடல் அவற்றைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். கலவை விகிதத்தை மாற்றிக் காலத்தை மாற்றலாம். பாதிக்குப் பாதி கலந்தது ஓரிரு மாதத்தில் கரையும், தனி எல்-லாக்டிக் பாலிமர் வருடக்கணக்கில் கிடக்கும். மிருகப் பொருள் கிடையாது என்பது நம் ஊரில் சின்ன விஷயமில்லை. பன்றி வேண்டாம், மாடு வேண்டாம் என்று சொல்லும் நோயாளிகள் நிறையப் பேர், கேட்காமல் வைப்பதும் முறையல்ல.

ஆனால் சங்கிலி உடையும் கட்டத்தில் அமிலம் ஒரே இடத்தில் சேர்கிறது. உடைந்த துணுக்குகளை விழுங்க மேக்ரோஃபேஜ்களும், அவை இணைந்து உருவாகும் ராட்சதச் செல்களும் வருகின்றன. ஹெல்சிங்கியில் ஓலே பாஸ்ட்மன் எலும்பு முறிவுக்கு வைத்த கிளைகாலிக் பாலிமர் ஆணிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து பேருக்கு, ஏறக்குறைய 11 வாரம் கழித்து, கிருமியே இல்லாமல் வீங்கிச் சீழ் போல வடிந்தது. ஆணியின் பருமன் எங்கே, மெம்பிரேன் எங்கே, இரண்டையும் சமமாக வைக்க முடியாது. அளவு குறைந்தால் அமிலமும் குறையும். ஆனாலும் எதிர்வினையின் இயல்பு ஒன்றே. எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் அது வருகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். பாலிமரை நான் அதிகம் பயன்படுத்தியவன் இல்லை. ஆகவே இந்தப் பத்தியில் என் கை அனுபவத்தைவிடப் படிப்புக்கே கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண கொலாஜனுக்கு எதிரான வலுவான வாதம் காலம். சில வாரத்தில் போய்விடும் சுவரை நம்பி, மாதக்கணக்கில் வளரும் எலும்பை எப்படி விடுவது? என் பதில் இது. சுவர் தேவைப்படுவது ஈறின் செல்கள் முண்டியடிக்கும் முதல் சில வாரங்களுக்குத்தான். தூளுக்கிடையில் இளம் எலும்பின் சட்டகம் அமைந்துவிட்டால், அதன்பின் மேலிருந்து வரும் ரத்தமும் பெரியோஸ்டியத்தின் செல்களும் எலும்புக்கு உதவியே. கோத்தன்பர்க்கில் பீட்டர் தாம்சன், ஓமர் ஓமர் குழுவினர் காட்டியது இதற்கு வலு சேர்க்கிறது. கொலாஜன் விரிப்புக்குள் குடியேறும் செல்கள் பிஎம்பி-2, எஃப்ஜிஎஃப்-2 போன்ற எலும்பு வளர்ச்சிச் சமிக்ஞைகளை அங்கிருந்தே வெளியிடுகின்றன. செல்களை உள்ளே விடாத மெம்பிரேனுக்கு இந்த வாய்ப்பு குறைவு.

இரண்டு இடத்தில் என் சாய்வு தளர்கிறது. ஒன்று சர்க்கரை நோய். டெல் அவீவ் ஆய்வாளர்கள் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் கொலாஜன் மெம்பிரேன் இன்னும் வேகமாகக் கரைவதையும், மேக்ரோஃபேஜ்கள் அதிகம் புகுவதையும் பார்த்தார்கள். நம் ஊர் கிளினிக்கில் இம்பிளான்ட்டுக்கு வருபவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும்வரை நான் கிராஃப்ட் (எலும்புத் தூள் நிரப்புவது) செய்வதில்லை. வந்தபிறகும் அவர்களுக்கு மெம்பிரேனை இரட்டை அடுக்காக வைக்கிறேன். இந்த ஒரு பிரிவில் லேசாக இறுக்கிய வகையைத் தேர்ந்தெடுக்கும் சக மருத்துவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

இன்னொன்று தாங்கும் பலம். நனைந்த கொலாஜன் தொய்ந்துவிடும், தானாக இடத்தைத் தாங்கி நிற்காது. பக்கவாட்டு அகலத்துக்கு, மெல்லக் கரையும் மாட்டெலும்புத் தூளை அடியில் நிரப்பி, மேலே மெம்பிரேனை டைட்டானியம் பின்களால் இழுத்து இறுக்கினால் நிற்கிறது. புடாபெஸ்ட்டின் இஸ்த்வான் ஊர்பன் பிரபலப்படுத்திய முறை அது. அவர் அதற்கு எடுத்துக்கொண்டதும் சாதாரணக் கொலாஜனைத்தான், நன்றாக நீண்டு கொடுக்கும் என்பதால். மேல்நோக்கி உயரம் கூட்ட வேண்டிய கேஸில் மட்டும் டைட்டானியக் கம்பி வைத்த கரையாத மெம்பிரேனுக்கே போகிறேன்.

மீனிலிருந்து எடுத்த கொலாஜன் மெம்பிரேன் சென்னையிலேயே தயாராகிறது. விலை குறைவு, பன்றி மாடு மறுப்பவர்களுக்கு ஒரு வழி. மீன் கொலாஜன் பொதுவாகக் குறைந்த வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும் இயல்புடையது. ஆகவே சிறிய குழிகளுக்கு அதை வைக்கிறேன், அகலமான எலும்புக் குறைவுக்கு வைப்பதில்லை. பன்றி இதயவுறையில் செய்தது கைக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த கேஸ்கள் என்னிடம் இல்லை. புதிதாக வந்திருக்கும் மக்னீசியம் மெம்பிரேனைக் கரையும்போது ஹைட்ரஜன் வாயு விடுவதாகப் படித்ததோடு சரி, வைத்துப் பார்த்ததில்லை.

கம்பெனிப் பிரதிநிதி "ஆறு மாதம் நிற்கும் டாக்டர்" என்று அட்டையை நீட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த ஆறு மாதம் எங்கே பார்த்தது, எலியின் முதுகிலா மனித வாயிலா? தையல் விட்டு வெளியே தெரிந்த கேஸ்களில் அந்த மெம்பிரேனை எடுக்க வேண்டி வந்ததா, இல்லை தானே மூடியதா?