தோஸாய் தடம்: நிஷி-கசாயில் குடியேறுகிறவர்களுக்கு

டோக்கியோவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் அதிகம் வீடு பார்ப்பது எடொகாவா வட்டத்து நிஷி-கசாயில். அங்கிருந்து ஓத்தெமாச்சி, நிஹொம்பாஷி அலுவலகங்களுக்கு டோக்கியோ மெட்ரோவின் தோஸாய் தடம்தான் நேர்வழி. ஓத்தெமாச்சிக்கு 9 கிலோமீட்டர், ஏழு நிறுத்தம், கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 2023 மார்ச் கட்டணத் திருத்தத்துக்குப் பின் பயணக் கார்டில் 209 யென், காகிதச் சீட்டென்றால் 210. இந்தக் காசுக்கு இதைவிட நல்ல சேவை கிடைப்பது அரிது. ஆனால் எந்த ரயில் எங்கே நிற்கும், கார்டில் பணமாக வைப்பதா மாதச் சீட்டாக வைப்பதா என்ற இரண்டையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் அலைச்சல்தான்.

முதலில் ரயில் வகை. நகானோவிலிருந்து நிஷி-ஃபுனபாஷி வரை 30.8 கிலோமீட்டர், 23 நிலையங்கள். இதில் லோக்கல், ராபிட், கம்யூட்டர் ராபிட் என மூன்று வகை ஓடுகின்றன. ராபிட் மேற்கே நகானோவிலிருந்து தோயோச்சோ வரை எல்லா நிலையத்திலும் நிற்கும். அதற்குக் கிழக்கே நிஷி-ஃபுனபாஷி வரை நடுவில் உராயசுவில் மட்டுமே நிற்கும். அதாவது நிஷி-கசாயில் நிற்காது. மாலையில் ஓத்தெமாச்சியில் முதலில் வந்த வண்டியில் ஏறி, அது ராபிட்டாக இருந்தால், ஆற்றைத் தாண்டி, இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டி, சிபா மாநிலத்து உராயசுவில்தான் கதவு திறக்கும். தோயோச்சோவிலேயே சுதாரித்துவிட்டால் கவலையில்லை. இறங்கி அதே பிளாட்ஃபாரத்தில் நின்றால் பின்னால் லோக்கல் வரும். உராயசு வரை போய்விட்டால் படியிறங்கி எதிர்ப் பிளாட்ஃபாரத்துக்கு ஏற வேண்டும். கேட்டுக்கு வெளியே போகாதீர்கள், தனிக் கட்டணமாகிவிடும். திரும்பும்போதும் லோக்கலில்தான் ஏற வேண்டும்.

வார நாள் காலையில் நகானோ திசையில் மட்டும் ஓடும் கம்யூட்டர் ராபிட் வேறு கதை. அது நிஷி-ஃபுனபாஷிக்கும் உராயசுவுக்கும் நடுவில் நிற்காமல் வந்து, உராயசுவிலிருந்து எல்லா நிலையத்திலும் நிற்கும். ஆகவே காலையில் நிஷி-கசாயில் இதில் தயங்காமல் ஏறலாம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம். அறிவிப்புப் பலகை ஜப்பானியமும் ஆங்கிலமும் மாறி மாறிக் காட்டும். ஆங்கிலம் வரும்வரை இரண்டு நொடி பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கூட்டத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. 2019 நிதியாண்டில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலை நெரிசல் 199 விழுக்காடு. உடம்போடு உடம்பு அழுந்தினாலும் வார இதழை எப்படியோ படிக்கலாம் என்று அரசின் அளவுகோல் விவரிக்கும் நிலை அது. கொரோனாவுக்குப் பின் 2023இல் 148 ஆகக் குறைந்திருக்கிறது. நெரிசலைச் சமாளிக்கவே இந்தத் தடத்தின் சில வண்டிகளில் கதவை 1.8 மீட்டர் அகலமாக்கியிருக்கிறார்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கதவருகே நிற்பவர் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி ஓரமாக நின்று, வழி விட்டு, மறுபடி ஏறுவதுதான் இங்கே வழக்கம். இறங்காமல் தூண்போல நின்றால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் ‘ஓரிமாஸ்’ (இறங்குகிறேன்) என்று சொன்னால் போதும், வழி கிடைக்கும். எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவு என்பதை மெட்ரோவின் செயலியே காட்டுகிறது. காலையில் பெண்களுக்கான தனிப் பெட்டி உண்டு. அது நிற்கும் இடத்தில் பிளாட்ஃபாரத் தரையில் இளஞ்சிவப்புக் குறி இருக்கும். தொடக்கப் பள்ளி வயதுப் பையன்களும் அதில் ஏறலாம்.

கார்டுக்கு வருவோம். பாஸ்மோ, சூய்கா இரண்டில் எது வாங்கினாலும் டோக்கியோவின் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். 500 யென் முன்வைப்பு, கார்டில் அதிகபட்சம் 20,000 யென் வரை ஏற்றலாம். நாடு திரும்பும்போது ஒப்படைத்தால் முன்வைப்பு கிடைத்துவிடும். ஐபோன் 8 முதலான மாடல்களில் கார்டைப் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் முடியாது; இங்குள்ள கேட்டுகளுக்குத் தேவையான ஃபெலிகா வசதி அவற்றில் இயங்காது. அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் பயனில்லை, பிளாஸ்டிக் கார்டே வாங்கிவிடுங்கள்.

தினமும் போகிறவர்கள் பாஸ்மோ கார்டில் ‘தெய்கி’ எனும் சீசன் சீட்டைப் போட வேண்டும்; மெட்ரோவுக்கு மட்டுமான தெய்கியைச் சூய்காவில் போட முடியாது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என எடுக்கலாம். நீண்டதற்கு விலை மலிவு. பெரும்பாலான நிறுவனங்கள் இந்தச் செலவைத் தருகின்றன. ஆனால் எந்த வழி என்பதை ஆள்வளப் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகே வாங்குவது நல்லது. சீட்டில் உள்ள இரு நிலையங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும், விடுமுறை நாளிலும், கூடுதல் கட்டணமின்றி ஏறி இறங்கலாம். முடிவதற்கு 14 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம்.

தெய்கியின் உண்மையான மதிப்பு காற்றடிக்கும் நாளில்தான் தெரியும். மினாமி-சுனமாச்சி தாண்டியதும் சுரங்கத்திலிருந்து வெளியேறும் தடம் அரகாவா ஆற்றுப் பாலத்தின் மேல் திறந்தவெளியில் போகிறது. 1978 பிப்ரவரியில் சுழற்காற்று இந்தப் பாலத்தில் ரயில் பெட்டிகளையே கவிழ்த்தது. பலத்த காற்றில் இன்றும் வேகத்தைக் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்தியே விடுவார்கள். அப்போது ‘ஃபுரிகாயே’ என்று மாற்று நிறுவன ரயிலில் இலவசமாகப் போகவிடுவார்கள். இந்தச் சலுகை தெய்கி, காகிதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். கார்டில் உள்ள பணத்தில் பயணிப்பவர் மாற்று வழிக்குத் தன் காசைத்தான் கொடுக்க வேண்டும். நிஷி-கசாய்க்காரர்களுக்கு அருகிலுள்ள மாற்று, வடக்கே தோஎய் ஷின்ஜுகு தடத்தின் ஃபுனபோரி நிலையம். ஐந்து நிமிடம் தாமதமானாலே சான்றிதழ் கிடைக்கும். மெட்ரோவின் இணையதளத்தில் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடலாம்.

வீடு பார்க்கும்போது ஒரு விஷயம். அடுத்த நிலையமான கசாயில் வாடகை சற்றுக் குறைவாகத் தெரிந்தால், ராபிட்டுக்கு வழிவிட லோக்கல் காத்து நிற்பது அங்கேதான் என்பதையும் கணக்கில் சேருங்கள். நிஷி-கசாயில் ஏறுகிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உராயசுவில் எல்லா வகை வண்டியும் நிற்கும், ஆனால் அது வேறு மாநிலம். குழந்தைகளுக்கான உதவித் திட்டங்கள் டோக்கியோவில் இருப்பவைபோலவே இருக்கும் என்று எண்ணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம், நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.