முதல் ஊழியப் பயணம்: நேபாளமா, இலங்கை மலையகமா?

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவச் சபையொன்று தன் வாலிபர் குழுவை முதன்முறையாக வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்ப எண்ணினால், இவ்விரண்டு இடங்களையும் சேர்த்து எடைபோடுவது நல்லது. ஆவணங்களைப் பொறுத்தவரை நேபாளம் எளிது. இந்தியருக்கு விசா தேவையில்லை, வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டியே நுழையலாம். இலங்கைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். சுற்றுலா அனுமதியில் போய் மேடையேறிப் பிரசங்கிப்பதும் முறையன்று என்பதால், அழைக்கும் சபையின் வழியாக உரிய விசாவைக் கேட்பதே நேர்மை.

எல்லையைக் கடப்பது எளிது என்பதற்காக நேபாளத்தில் ஊழியமும் எளிதாகிவிடாது. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2017இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆகவே நற்செய்திக் கைப்பிரதிக் கட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்; நாம் ஊர் திரும்பிய பின்னும் விசாரணைக்கு ஆளாகக்கூடியவர் அங்குள்ள போதகரே என்பதைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் உணர்த்தவும் வேண்டும். சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமையில் ஆராதிப்பதால், பயண நாட்களையும் அதற்கேற்பக் குறிக்க வேண்டும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நம் மொழியே பேசப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒரு தாயின் துயரத்தை அவர் சொற்களிலேயே கேட்கலாம். பகலெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் திரும்புகிறவர்களுக்கு மாலையில்தான் ஓய்வு. கூட்டமும் சந்திப்பும் அப்போதே பொருந்தும். அட்டைக்கடிக்கு உப்பும், குளிருக்குக் கம்பளியும் எடுத்துச் செல்லலாம். முதல் குழுவுக்கு நான் மலையகத்தையே பரிந்துரைப்பேன்.