இரண்டாவது லென்ஸ்: மலைக்குப் போகிறவருக்கு வைடா, டெலியா?

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸை (கிட் லென்ஸ்) வைத்துக் கொஞ்ச காலம் படம் எடுத்தாகிவிட்டது, கையில் இன்னும் ஒரு லென்ஸுக்கு மட்டும் காசு இருக்கிறது, எடுக்கப் பிடித்தது மலையும் மேகமும்தான். இப்படி ஒருவர் கேட்டால் கடைக்காரரிலிருந்து யூடியூப் வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வைட் ஆங்கிள், அதாவது காட்சியை அகலமாகக் காட்டும் லென்ஸ் வாங்கு. லேண்ட்ஸ்கேப் என்றாலே வைட் என்று ஆகிவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுற்றிப் படம் எடுக்கிறவருக்கு நான் நேர்மாறாகத்தான் சொல்வேன். முதலில் தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி ஜூம், வைட் அப்புறம்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது, அதனால் கேனானின் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர்களுக்கான இரண்டு மலிவு லென்ஸ்களை எடுத்துக்கொள்வோம்: இஎஃப்-எஸ் 10-18, இஎஃப்-எஸ் 55-250, இரண்டும் எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் பெயர்) வகை. முதலாவது 240 கிராம், அடுத்தது 375 கிராம். நிக்கானில் இதே ஜோடி ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20ம் 70-300ம், எடையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆக எடை ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டுமே தோள்பையில் அடங்கிவிடும். வித்தியாசம் பார்வையில்தான். கிட் லென்ஸ் 18 மி.மீ.-இல் மூலைக்கு மூலை சுமார் 74 டிகிரி காட்டுகிறது, 10 மி.மீ. அதை 107 ஆக்குகிறது. மறுபக்கம் 55 மி.மீ.-இல் 28 டிகிரியாக இருப்பது 250-இல் 6 டிகிரிக்குச் சுருங்குகிறது.

என் முதல் காரணம், வைட் இல்லாமலும் வைட் படம் எடுக்க வழி உண்டு. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 18-இல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு விழும்படி ஐந்தாறு படங்களை வரிசையாக எடுத்து ஒட்டினால் 10 மி.மீ. காட்டும் அகலம் வந்துவிடும், மெகாபிக்சலும் கூடுதலாகக் கிடைக்கும். ஓடுகிற அலைக்கும் காற்றில் ஆடும் கிளைக்கும் இது சரிப்படாது, அசையாத மலைக்குத் தாராளமாகப் போதும். அதுவும் வேண்டாம் என்றால் பையில் போன் இருக்கிறது, இன்றைக்கு நடுத்தர விலைப் போன்களிலேயே அல்ட்ரா வைட் கேமரா வந்துவிடுகிறது. டெலிக்கு இந்த மாதிரி குறுக்கு வழி கிடையாது. 24 மெகாபிக்சல் கேமராவில் 55 மி.மீ.-இல் எடுத்த படத்தை 250 மி.மீ. காட்டும் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 1.2 மெகாபிக்சல்தான். அதைப் பெரிதாக பிரிண்ட் போட முடியாது.

இரண்டாவது காரணம் இடம். கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான், அதுவும் ஜீப் மட்டும்தான் ஏறும். விடியலுக்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, குலுங்கிக் குலுங்கி 7,900 அடி உயரத்துக்குப் போய் நின்றால் கிழக்கே போடிப் பக்கத்துச் சமவெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், வானிலை ஒத்துழைத்தால் அதன்மேல் மேகம் கடல்போல நிற்கும். அங்கே 10 மி.மீ. லென்ஸை மாட்டினால் படத்தில் பாதி வெறும் வானம், மீதியில் முக்கால்வாசி நீங்கள் நிற்கும் புல்தரையும் பக்கத்தில் நிற்கிறவர்களின் முதுகும். மேகத்துக்கு மேலே தலைநீட்டும் மலைமுகடுகள் நடுவில் ஒரு மெல்லிய கோடாகப் போய்விடும். சூரியனோ ஒரு புள்ளி. அதே சூரியன் கிட் லென்ஸின் 55-இல் படத்தின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு, 250-இல் ஏழில் ஒரு பங்கு. ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகிற நீலமுகடுகளை ஐந்து அடுக்காகக் கட்டி, அதற்கு மேலே அந்தப் பெரிய சூரியனை வைக்க டெலியால்தான் முடியும். ஒரு எச்சரிக்கை: டிஎஸ்எல்ஆரில் டெலியை மாட்டிக்கொண்டு சூரியனை வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போய்விடும். லைவ் வியூ போட்டுத் திரையில் பாருங்கள், அதுவும் சூரியன் அடிவானத்தில் சிவந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். மேலே ஏறிப் பிரகாசமானதும் கேமராவைத் திருப்பிவிடுங்கள், அப்போது எதிர்ச்சரிவில் விழும் பக்கவாட்டு வெளிச்சம்தான் நல்ல படம் தரும். பெரும்பாலானோர் அந்த நேரத்தில்தான் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

வால்பாறையில் கதை கொஞ்சம் வேறு, முடிவு அதேதான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட், கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு. அங்கே வைட் போட்டால் அணை ஒரு தட்டுபோலச் சின்னதாகிவிடும். மேலே போனால் தேயிலைத் தோட்டம், ஊடே உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்கிடையே நுழைந்து வெளியேறும் மூடுபனி. தேயிலைச் சரிவின் வளைந்த வரிகள், இலை பறிக்கிறவர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள், நடுவில் ஒற்றை மரம், இவற்றைப் பிரித்து எடுக்க 100-லிருந்து 200 மி.மீ. வரை வேண்டும். தோட்டத்துக்குள் இறங்கிப்போய் எடுக்கலாமே என்று தோன்றும். அவை எஸ்டேட்டின் இடங்கள், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, யானையும் சிறுத்தையும் நடமாடுகிற ஊர் வேறு. ரோட்டோரமாக நின்று எடுக்கிற லென்ஸ்தான் அங்கே பொருத்தம். சாலையோரப் பாறையில் வரையாடு நின்றாலும், புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு மரத்தில் தெரிந்தாலும் கிட்டே போய்த் தொந்தரவு செய்யாமல் எடுக்கலாம். குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், படத்துக்காகக்கூட.

போகும் மாதம் இரண்டு ஊருக்கும் ஒன்றல்ல. வால்பாறையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது சாதாரண மழையில்லை, சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. பச்சை வேண்டுமென்றால் மழை தணியத் தணியப் போகலாம், அட்டைப்பூச்சிக்குத் தயாராக. கொழுக்குமலையில் அடுக்கடுக்கான முகடு தெளிவாக வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. மார்ச், ஏப்ரலில் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து தூரத்து மலையை மங்கடித்துவிடும், டெலி அந்த மங்கலைத்தான் முதலில் காட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். மற்ற மலைகளுக்கும் கிளம்பும் முன் ஒரு தடவை விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, வைட் எங்கே ஜெயிக்கிறது? தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சிதைந்த தேவாலயச் சுவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அந்தச் சுவரையும் பின்னால் வானத்தையும் ஒன்றாக எடுக்க வேறு லென்ஸ் கிடையாது. 10 மி.மீ.-இல் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 அளவில் வைத்து முக்கால் மீட்டர் தள்ளிப் ஃபோகஸ் செய்தால் காலடி மணலிலிருந்து அடிவானம் வரை எல்லாம் துல்லியமாக இருக்கும். 250 மி.மீ.-இல் அதே எஃப்/8-க்கு 400 மீட்டருக்கு மேல் தள்ளிப் ஃபோகஸ் செய்தால்தான் அடிவானம் வரை துல்லியம் கிடைக்கும், பக்கத்திலிருக்கும் எதுவும் சேராது. காட்டுக்குள் அருவி, குகைக் கோயில், பின்வாங்க இடமில்லாத பள்ளத்தாக்கு, எல்லாமே வைடின் ராஜ்ஜியம்தான். கடலோரம்தான் உங்களுக்குப் பிரதானம் என்றால், ராமநாதபுரம் தூத்துக்குடிப் பக்கம் வீடு என்றால், மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு 10-18ஐ வாங்குங்கள். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு இருக்க விடுவதில்லை, அதனால் நட்சத்திரப் படத் திட்டம் வேண்டாம். ட்ரைபாடின் கால்களை அலையில் ஊன்றியிருந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு பூட்டுகளைத் தின்றுவிடும்.

டெலியில் தொல்லை இல்லாமல் இல்லை. கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். 250 மி.மீ.-க்கு ஐஎஸ் (லென்ஸிலேயே நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) இல்லாமல் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் 1/400 நொடியாவது வேண்டும், விடியலில் அந்த வெளிச்சம் இருக்காது. ஆகவே ட்ரைபாட் கட்டாயம், வைட் ஆட்கள் தாங்கிக்கொள்ளும் ஆட்டம் காணும் ட்ரைபாட் இதற்கு ஆகாது. நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்கவிட்டு, கேமரா வார் காற்றில் அடிக்காமல் சுற்றிவைத்து, 2 நொடி டைமரில் எடுத்தால் பெரும்பாலான மங்கல் போய்விடும். ட்ரைபாடில் ஐஎஸ்ஸை அணைத்துவிடுவது நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று ஃபில்ட்டர் செலவு. கிட் 18-55 எஸ்டிஎம்முக்கும் 55-250 எஸ்டிஎம்முக்கும் ஃபில்ட்டர் மாட்டும் வாய் 58 மி.மீ.தான், ஒரே போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்ட்டர்) இரண்டுக்கும் பொருந்தும். 10-18க்கு 67 மி.மீ., தனியாக வாங்க வேண்டும். வாங்கினாலும் அவ்வளவு அகலத்தில் போலரைசர் நீலவானத்தை ஒரு பக்கம் கருக்கி மறுபக்கம் வெளுக்கவிடும். நனைந்த தேயிலை இலையின் பளபளப்பை அடக்கி உள்ளே இருக்கும் பச்சையைக் கொண்டுவர டெலியில் போலரைசரைத் திருகிப் பாருங்கள், அந்த மாற்றத்தைப் பின்னால் கணினியில் கொண்டுவர முடியாது.

70-200 எஃப்/2.8 மேல் ஆசை வரும். கேனானின் அந்த லென்ஸின் இரண்டாம் பதிப்பு ஒன்றரைக் கிலோ, மலையை எப்படியும் எஃப்/8-இல்தான் எடுக்கப்போகிறீர்கள். கல்யாணப் படமும் எடுக்கிறவர் வாங்கட்டும். உங்களுக்கு 55-250 போதும், இரட்டை லென்ஸ் செட்டாக வாங்கியவர்கள் பயன்படுத்தாமலே விற்பதால் பழையது சுலபமாகக் கிடைக்கும். வாங்கும்போது இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் அது பூஞ்சை, என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் நல்ல லென்ஸுக்கும் அது வரும் என்பதால், மலையிலிருந்து திரும்பியதும் நனைந்த பையிலேயே விட்டுவைக்காமல் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துவிடுங்கள்.