உக்காந்தா 95, நடந்தா 86: எங்க வீட்டு ஆக்ஸிமீட்டர் அனுபவம்

ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தன சதவீதம் இருக்குன்னு விரல்ல மாட்டி பாக்கற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கலாமா, வாங்கினா எப்படி பாக்கறதுன்னு சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதனால கோவிட்ல இருந்து எங்க வீட்ல யூஸ் பண்ணதுல தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதிடறேன். நாங்க சேலம் அம்மாபேட்டை. அம்மாவுக்கு ஐஎல்டி, நுரையீரல் தழும்பாகி கெட்டிப்பட்டுட்டே வர்ற வியாதி. பெரியப்பா ஏற்காட்ல இருக்காரு, அவருக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கிட்டே இருக்கற நாள்பட்ட வியாதி. பீடிய விட்டு பல வருஷம் ஆச்சு, ஆனா போன நுரையீரல் போனதுதான். ரெண்டு பேருமே விரல்ல மாட்டறது ஒரே மாதிரி மிஷின், ஆனா அவருக்கு நல்ல நம்பர் அம்மாவுக்கு கெட்ட நம்பர்.

மொதல்ல மிஷின பத்தி. 2021 ரெண்டாவது அலையில வெல கண்டபடி ஏறி கெடந்துச்சு, அந்த ஜூலைல கவர்மெண்ட் லாபத்துக்கு உச்சவரம்பு வெச்சப்புறம்தான் இறங்குச்சு. அப்ப அவசரத்துக்கு வாங்கின பேர் தெரியாத ஒண்ணு அடுத்தடுத்து மாட்டினா அஞ்சு பாயிண்ட் வித்தியாசம் காட்டும், அத தூக்கி போட்டாச்சு. இப்ப இருக்கறதுல நம்பரோட நாடித்துடிப்பு அலையும் ஓடும், பிஐன்னு ஒரு எண்ணும் வரும், விரல்ல ரத்த ஓட்டம் எவ்ளோ பலமா இருக்குன்னு அது சொல்லும். என்னைய கேட்டா அலை காட்டாத மிஷின் வாங்கவே வேணாம். அலை ஒரே சீரா ஏறி இறங்கினாதான் அந்த நம்பர நம்பலாம், கோணல் மாணலா ஓடுச்சுன்னா 80 காட்டினாலும் பதறாம கைய தேச்சு சூடு பண்ணிட்டு திரும்ப பாருங்க. ரெண்டு சின்ன பேட்டரி, பல மாசம் வருது. ஸ்ப்ரிங் மட்டும் நாளாக நாளாக லூஸ் ஆகும், ஒல்லி விரலுக்கு பிடிப்பு பத்தாது, அம்மாவுக்கு இப்ப நடுவிரல்லதான் மாட்டறோம்.

உள்ள நடக்கறது என்னன்னா, ஒரு பக்கம் இருந்து சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட்டும் விரல் வழியா போகுது, ஆக்ஸிஜன் ஏறின ரத்தமும் ஏறாத ரத்தமும் அத வேற வேற அளவுல உறிஞ்சும், அந்த வித்தியாசத்த வெச்சு கணக்கு போடுது. 1970கள்ல ஜப்பான்ல தகுவோ அவோயாகிங்கற இன்ஜினியர் கண்டுபுடிச்ச வழி இது. வெளிச்சத்த வெச்சு அளக்கறதாலதான் நகப்பாலிஷ், கருப்பு மருதாணி, நேரா விழற வெயில் எல்லாம் இத குழப்புது. கல்யாண வீட்டுக்கு போயிட்டு வந்தா அம்மாவுக்கு மருதாணி இல்லாத விரலா பாத்துதான் மாட்டுவோம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அம்மா சேர்ல உக்காந்து டிவி பாக்கறப்ப மாட்டினா 95 காட்டும், பாக்கறவங்க எல்லாம் நல்லாதான இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ஆனா ஆஸ்பத்திரில ஆறு நிமிஷம் நடக்கவிட்டு டெஸ்ட் எடுத்தப்ப 86க்கு வந்துச்சு. ஐஎல்டில இப்படி ஆகறது சகஜம்னு டாக்டர் சொன்னாரு, நடக்கறப்ப ரத்தம் நுரையீரல்ல வேகமா ஓடும், கெட்டியான சவ்வு வழியா ஆக்ஸிஜன் ஏற நேரம் பத்தாது. அன்னைல இருந்து நாங்க உக்காந்து பாக்கற நம்பர மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்றதில்ல. அடுப்படில இருந்து பின் கேட் வரைக்கும் போயிட்டு வந்து பாப்போம், மொட்டை மாடிக்கு ஏறி நின்னு பாப்போம். விரல்ல நம்பர் மாற அரை நிமிஷம் கிட்ட லேட் ஆகும், அதனால நின்னவுடனே வர்றத பாத்துட்டு கழட்டிடாதீங்க, அப்பறம்தான் இன்னும் இறங்கும். எவ்ளோ இறங்குதுங்கறதோட, திரும்ப 92க்கு வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னும் குறிச்சு வெக்கறோம். அந்த நேரம் நீண்டுட்டே போறத வெச்சுதான் டாக்டர் சீக்கிரமே மறுபடி ஸ்கேன் எடுக்க சொன்னாரு.

எங்க வீட்ல அதிகமா இறங்கறது மாடிப்படில கூட இல்ல, வெள்ளிக்கிழமை தலைக்கு குளிக்கறப்பதான். ரெண்டு கையயும் தூக்கி சீயக்கா தேய்க்கணும், தண்ணி ஊத்தறப்ப மூச்ச அடக்கணும். குளிச்சு முடிச்சு ஈரத்தலையோட வந்து கட்டில்ல உக்காருவாங்க, விரல முந்தானைல தொடச்சுட்டு நீட்டுவாங்க, 84, 83ன்னு இறங்கும். அம்மா வாயே தொறக்க மாட்டாங்க, கேட்டா "ஒண்ணுமில்ல கண்ணு, செத்த இரு"ம்பாங்க, ஆனா தோள்பட்டை ரெண்டும் மேல ஏறி ஏறி இறங்கறது நல்லா தெரியும். இப்ப முக்காலி போட்டு உக்கார வெச்சு நான்தான் தேச்சு விடறேன், மூக்குல இழுத்து உதட்ட குவிச்சு மெதுவா விட சொல்லி குடுத்துருக்காங்க, அப்படி பண்ணா சீக்கிரம் ஏறுது. நடக்கறப்பவும் குளிக்கறப்பவும் மட்டும் ஆக்ஸிஜன் வெச்சுக்க சொல்லி டாக்டர் அளவும் எழுதி குடுத்துட்டாரு.

ஏற்காடு போற கதை தனி. சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் கூட வராது, ஏற்காடு 1500 மீட்டர். காத்துல ஆக்ஸிஜன் பங்கு அங்கயும் 21 சதவீதம்தான், ஆனா காத்தழுத்தமே கம்மி, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது கம்மியாகுது. நல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு கீழ 95 இருக்கறது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பெரியப்பா வீட்டு திண்ணைல உக்காந்தா 90, 91தான். நல்ல காத்துக்கு மலைக்கு கூட்டிட்டு போங்கன்னு சொல்றவங்க ரொம்ப பேர், நுரையீரல் நோயாளிக்கு அத கேட்டுட்டு உடனே வண்டிய எடுக்காதீங்க, டாக்டர கேட்டுட்டு போங்க. டிசம்பர் குளிர்ல விரல் சில்லுனு ஆகி நம்பரே வராது, அதுக்கு பயப்பட வேணாம், சூடா ஒரு டம்ளர் காபிய கையில குடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க.

பெரியப்பாவுக்கு வர்றது 89, 90. மொத தடவ பாத்தப்ப அண்ணன் ஆக்ஸிஜன கூட்டி வெக்க போயிட்டான், நல்ல வேளையா அண்ணி தடுத்துட்டாங்க. அவர மாதிரி கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்துல தங்கற சிஓபிடி ஆளுங்களுக்கு இலக்கே 88ல இருந்து 92தான். 98 வரணும்னு ஆக்ஸிஜன கூட்டினா அந்த வாயு இன்னும் சேந்து ஆள் மயங்கிடலாம். காலைல தலைவலி, ஒரே தூக்கம், பேச்சு குழர்றதுன்னா மிஷின் நல்ல நம்பர் காட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு கெளம்பணும், கார்பன் டை ஆக்ஸைட அது அளக்கவே அளக்காது. அதே மாதிரி, அவங்க வீட்ல இன்னும் வெந்நீருக்கு விறகடுப்புதான். புகைல வர்ற கார்பன் மோனாக்ஸைடையும் இந்த மிஷின் ஆக்ஸிஜன்னே எண்ணிக்கும், அதனால புகைக்குள்ள உக்காந்து பாத்த நம்பர கணக்குல எடுக்காதீங்க, மொதல்ல ஆள வெளிய கொண்டு வாங்க.

இன்னொண்ணு, நம்மள மாதிரி கருத்த தோலுக்கு இது கொஞ்சம் கூட காட்டலாம். அமெரிக்காவுல 2020ல வந்த ஒரு ஆய்வுல, மிஷின் நல்லா காட்டியும் உள்ள ஆக்ஸிஜன் குறைஞ்சு கெடந்தது கருப்பின நோயாளிகள்ல வெள்ளைக்காரங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. அடுத்த வருஷம் அந்த ஊர் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரிக்கை குடுத்துச்சு. அம்மாவுக்கு மணிக்கட்டு தமனில ரத்தம் எடுத்து ஆக்ஸிஜன நேரா அளக்கற ஏபிஜி டெஸ்ட் பாத்தப்ப மிஷின் 93, ஏபிஜில 90. ஊசி வலி ஜாஸ்திதான், ஆனாலும் ஒரு தடவையாச்சும் எடுத்து ஒப்பிட்டு பாத்துக்கறது நல்லது.

செக்கப்புக்கு போறப்ப உங்க மிஷினையும் குறிச்சு வெச்ச நோட்டையும் எடுத்துட்டு போங்க. அங்க இருக்கற மிஷினையும் உங்களோடதையும் ஒரே கையில பக்கத்து பக்கத்து விரல்ல ஒரே நேரத்துல மாட்டி பாக்க சொல்லுங்க, நர்ஸ் அக்காங்க பண்ணி குடுப்பாங்க. நோட்டுல நம்பர மட்டும் எழுதாம உக்காந்தா, நடந்தா, குளிச்சா, ஆக்ஸிஜனோடவா இல்லாமயான்னு பக்கத்துலயே எழுதுங்க, எங்க டாக்டர் மொதல்ல கேக்கறதே அததான்.