புவெனஸ் ஐரிஸ் நேரலை நகர்வலம்: மதுரையில் இருந்தபடி ஒரு மதிப்பீடு

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் வசிக்கும் ஒருவர் கைப்பேசிக் கேமராவுடன் தம் ஊர் வீதிகளில் நடந்துகொண்டே விளக்கம் சொல்ல, நாம் வீட்டில் இருந்தபடி நேரலையில் பார்க்கும் கட்டணச் சேவை ஒன்றை, மதுரை அண்ணா நகரில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசகர் வட்டத்துக்காகப் பதிவு செய்திருந்தோம். அந்நகரின் கடிகாரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் நடை இங்கே மாலை 6.30 மணிக்கு வந்துவிடுகிறது. விளக்கம் ஆங்கிலத்தில்தான் என்றாலும், அவர் நிதானமாகப் பேசியதால் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

நடை ஒபெலிஸ்கோ தூணடியில் தொடங்கியது. 1536-இல் ஸ்பானியர்கள் முதன்முதலாக அங்கே குடியேறியதன் 400-ஆம் ஆண்டு நினைவாக, 1936-இல், 67.5 மீட்டர் உயரமுள்ள இத்தூண் எழுப்பப்பட்டது என்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும் செய்தி. அது நிற்கும் இடத்தில் இருந்த பழைய தேவாலயம் ஒன்று இடிக்கப்பட்டதையும், கட்டிய மூன்றே ஆண்டுகளில் தூணையே இடித்துவிடலாம் என்று மாநகர மன்றம் தீர்மானம் போட்டதையும், மேயர் இசையாததால் அது பிழைத்ததையும், ஏதோ பக்கத்து வீட்டு வழக்கைச் சொல்வதுபோல அவர் சொன்னார். இந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணம் இப்படிப்பட்ட பேச்சுக்குத்தான்.

மே சதுக்கத்தில் உள்ள கபில்தோ என்ற பழைய நகர மன்றக் கட்டடத்தின் முன் அவர் காட்டிய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். பதினொரு வளைவுகளோடு இருந்த அதன் முகப்பில், 1889-இல் மே அவென்யூ என்னும் பெருஞ்சாலைக்காக ஒருபுறம் மூன்றும், 1931-இல் இன்னொரு சாலைக்காக மறுபுறம் மூன்றும் வெட்டப்பட, இன்று மிஞ்சியிருப்பவை ஐந்து மட்டுமே. இதைக் கேட்டதும் எங்களில் மூத்தவர் ஒருவர், மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளையும் மாரட் வீதிகளையும் உண்டாக்கிய கலெக்டர் பிளாக்பர்னுக்கு நாம் விளக்குத்தூணே வைத்திருக்கிறோமே என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது வழிகாட்டி நின்று, கோட்டையைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். எழுதி வைத்ததை ஒப்பிக்கிறவர் அப்படி நிற்கமாட்டார்.

அதே சதுக்கத்தின் நடுவில் இருக்கும் சிறிய மே ஸ்தூபியைச் சுற்றித் தரையில் வெண்ணிறத் தலைத்துணிகள் வரையப்பட்டுள்ளன. ராணுவ ஆட்சியில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு, 1977 ஏப்ரல் 30 அன்று தாய்மார்கள் இங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் சொல்ல, அவர்கள் ஸ்தூபியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வியாழக்கிழமைதோறும் பிற்பகல் 3.30 மணிக்கு அந்த நடை தொடர்ந்து வந்திருக்கிறது. இங்கே அவர் அதிகம் பேசாமல் கேமராவைத் தரையை நோக்கித் திருப்பிவிட்டு மெதுவாக ஒரு சுற்று வந்தார். அந்தச் சில நிமிடங்களே இந்த நகர்வலத்தின் சிறந்த பகுதி.

1908-இல் திறக்கப்பட்ட கோலோன் என்னும் ஓபரா அரங்கத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தோம். 1919-இல் நாடக அரங்காகத் திறந்து, பின்னர் சினிமா ஓடி, 2000-ஆம் ஆண்டில் புத்தகக் கடையாக மாறிய எல் அதெனேயோவுக்குள் நுழைந்தபோது எங்கள் கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. ஓவியம் தீட்டிய கூரை, மாட வரிசைகள், மேடைத் திரை எல்லாம் அப்படியே இருக்க, மாடங்களில் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. மேடையில் காபி விற்கிறார்கள். நம் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. ஜவுளிக்கடை மேல் எனக்குக் கோபமில்லை. கட்டடத்தை வைத்துக்கொண்டே துணி விற்றிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

குறைகளும் உண்டு. சுரங்க ரயிலில் ஏறியதும் படம் உறைந்துவிட்டது. 1913 முதல் சுரங்க ரயில் ஓடும் ஊரில் அதைப் பார்க்க முடியாமல் போனது ஏமாற்றமே. காற்று வீசும் இடங்களில் குரல் கேட்கவில்லை. நல்ல மைக் ஒன்று வாங்கித் தருவது சேவையை நடத்துவோருக்குப் பெரிய செலவாகாது. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லியிருந்த ரெகோலெத்தா இடுகாட்டில், அந்நாட்டு முன்னாள் அதிபரின் மனைவியான ஏவா பெரோனின் கல்லறைவரை போகாமல், நேரமில்லை என்று வாசலிலேயே முடித்துக்கொண்டது நியாயமில்லை.

கட்டணம் டாலரில் என்பதால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி பெற்ற அட்டை வேண்டும். தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் இணைப்புக்கு இவ்வளவு என்று வாங்குவதால், பெரிய டிவியில் போட்டுக் கூட்டமாகப் பார்த்தால் கட்டுப்படியாகும். தாய்மார்களின் வியாழக்கிழமை நடையையே நேரலையில் காட்டும் தனி அமர்வும் உண்டு. அது நமக்கு நள்ளிரவு 12 மணி என்று தெரிந்தும் எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.